கண்ணாடியைப் பார்த்தாச்சு, கல்வெட்டைப் படிச்சீங்களா?

பரீட்சை முடிந்த சனிக்கிழமை. ஹாஸ்டலில் சும்மா கிடப்பதற்குப் பதில் எங்காவது போகலாம் என்று வகுப்புத் தோழர்கள் ஐந்து பேர் கிளம்பினார்கள். நானும் ஒட்டிக்கொண்டேன். போன இடம், மும்பை கொலாபாவின் தென்கோடியில் நேவி நகருக்குப் போகிற வழியில் இருக்கும் ஆப்கன் சர்ச். முழுப்பெயர் புனித யோவான் நற்செய்தியாளர் ஆலயம். ஆனால் பஸ் கண்டக்டரிடம் அப்படிக் கேட்டால் விழிப்பார். 'ஆப்கன் சர்ச்' என்றால்தான் டிக்கெட் கிழிப்பார்.

எங்களில் ஒருவன் கட்டடக்கலைப் பைத்தியம். "அங்க இருக்கிற ஸ்டெயின்ட் கிளாஸ் மாதிரி இந்தியாவுல ரொம்பக் கம்மிடா, வந்து பாரு" என்று இழுத்துக்கொண்டு போனவன் அவன்தான். அவன் சொன்னதில் பொய் இல்லை. அந்தக் கண்ணாடி அழகுதான். ஆனால் அங்கே எழுதியிருக்கிற ஒரு வாக்கியம் இரண்டு வாரமாக என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது. திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே அதை வைத்துப் பெரிய சண்டை. "நீ எதுக்கெடுத்தாலும் அரசியல் பண்ணுவே" என்று சொல்லி என் வாயை அடைத்துவிட்டார்கள். பஸ்ஸில் சொல்ல விடாததை இங்கே சொல்லித் தீர்த்துவிடுகிறேன்.

முதலில் கண்ணாடிக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடலாம்.

வெளியில் மும்பை வெயில். உள்ளே நுழைந்ததும் ஒரு நிமிஷம் ஒன்றுமே தெரியவில்லை. கண் பழகியதும் உயரமான, அகலமான கோதிக் வளைவுகள் தெரிகின்றன. கிழக்கே பீடத்துக்கு மேல் பெரிய வண்ணச் சாளரம். மேற்கே இன்னொன்று. தரையில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த ஓடுகள். கொஞ்ச நேரத்தில் வெயில் நகர, சாளரத்தின் நீலமும் சிவப்பும் அப்படியே தரையில் இறங்கின. என் செருப்பில்லாத காலில் ஊதா நிறம். (செருப்பைக் கழற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை. பழக்க தோஷம், வாசலிலேயே விட்டுவிட்டேன்.) எங்கள் கூட்டத்திலேயே அதிகம் பேசுகிறவன்கூட ஐந்து நிமிஷம் வாயைத் திறக்கவில்லை.

இந்த இரண்டு பெரிய சாளரங்களும் வில்லியம் வெய்ல்ஸ் என்பவரின் பட்டறையில் செய்தவை. இங்கிலாந்தின் நியூகாசில்காரர். மளிகையும் தேயிலையும் விற்றுக்கொண்டிருந்த ஆள். அதை விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்து, அந்தக் காலத்து இங்கிலாந்தின் பெரிய கண்ணாடிப் பட்டறைகளில் ஒன்றை நடத்தினார். செய்முறையும் சுவாரஸ்யமானது. நாம் நினைப்பதுபோல வெள்ளைக் கண்ணாடியில் பெயின்ட் அடிப்பது இல்லை. கண்ணாடியை உருக்கும்போதே உலோக ஆக்சைடுகளைச் சேர்ப்பார்கள். கோபால்ட் சேர்த்தால் நீலம், மாங்கனீசு சேர்த்தால் ஊதா. முகம், விரல், துணி மடிப்பு இதற்கெல்லாம் இரும்பு ஆக்சைடு கலந்த கரும்பூச்சால் வரைந்து சூளையில் சுடுவார்கள். கோடு கண்ணாடியோடு ஒன்றிப்போகும். வெள்ளிக் கலவையைப் பூசிச் சுட்டால் மஞ்சள். பிறகு துண்டுகளை ஈயப் பட்டைகளுக்கு நடுவே செருகிப் பற்றவைப்பார்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் கடல் உப்புக்காற்றையும் மும்பை மழையையும் தாங்கி நிற்கிறது என்றால் சும்மாவா?

நான் மட்டும் செல்போனில் நாற்பத்து மூன்று படம் எடுத்தேன். எல்லாம் கண்ணாடி. இந்த எண்ணிக்கையை நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறேன்.

சரி, இந்தச் சர்ச் எதற்காகக் கட்டப்பட்டது?

இது போரில் செத்தவர்களுக்காகக் கட்டியது. நம் பாஷையில் சொன்னால் ஒரு பெரிய நடுகல். 1847 டிசம்பர் 4 அன்று அடிக்கல், 1858 ஜனவரி 7 அன்று பிரதிஷ்டை. கட்டியவர் ஹென்றி கானிபேர், பம்பாய்க்குக் குடிதண்ணீர் கொண்டுவந்த விஹார் ஏரித் திட்டத்துக்கும் பொறியாளர் அவர்தான். சுமார் 60 மீட்டர் உயரமுள்ள கோபுரம் 1865-ல்தான் முடிந்தது. துறைமுகத்துக்குள் வரும் கப்பலுக்கெல்லாம் அது அடையாளம்.

எந்தப் போர்? முதலாம் ஆப்கன் போர். ஆப்கானிஸ்தானில் ரஷ்யா மூக்கை நுழைத்துவிடும் என்ற பயத்தில், தங்களுக்கு வேண்டிய ஷா ஷுஜாவைக் காபூல் அரியணையில் உட்காரவைக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி 1839-ல் படை அனுப்பியது. பம்பாய்ப் படை சிந்து வழியாகப் போனது. மொத்தப் படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். அவர்களுக்குப் பின்னால் சுமார் 30,000 ஒட்டகங்கள், சுமார் 38,000 பணியாட்கள். தண்ணீர் சுமக்கிறவர், டோலி தூக்குகிறவர், குதிரைக்காரர், சமையல்காரர், துணி வெளுப்பவர், ஒட்டகம் ஓட்டுபவர், இவர்களின் மனைவி மக்கள். ஒரு ஊரே நடந்து போயிருக்கிறது.

அந்த வருஷமே காந்தகார், கஜினி, காபூல் எல்லாம் கைக்கு வந்தன. 1841 நவம்பரில் காபூல் கிளர்ந்தெழுந்தது. 1842 ஜனவரி 6 அன்று, கொட்டும் பனியில், கம்பெனிப் படை காபூலை விட்டு ஜலாலாபாத்துக்குக் கிளம்பியது. சுமார் 4,500 படைவீரர்கள், அவர்களில் வெள்ளையர் சுமார் 700 பேர்தான். கூடவே சுமார் 12,000 பணியாட்களும் குடும்பங்களும். ஒரே வாரம். பனியில் விறைத்தவர் பாதி, கணவாயில் சுடப்பட்டும் வெட்டப்பட்டும் செத்தவர் மீதி. ஜனவரி 13 அன்று டாக்டர் வில்லியம் பிரைடன் தன்னந்தனியாகக் குதிரையில் ஜலாலாபாத் கோட்டைக்கு வந்து சேர்ந்தார்.

'ஒரே ஒருவர்தான் பிழைத்தார்' என்று இந்தக் கதையை நிறையப் பேர் கேட்டிருப்பீர்கள். 1879-ல் எலிசபெத் பட்லர் என்ற ஓவியர் பிரைடனை அந்தக் குதிரையோடு வரைந்தார், அந்த ஓவியம் உலகப் பிரசித்தம். ஆனால் 'ஒரே ஒருவர்' என்பது பொய். அந்த வருஷம் செப்டம்பரில் கம்பெனிப் படை மறுபடி காபூலுக்குப் போனபோது, பனியில் கை கால் விரல்களை இழந்த இந்தியச் சிப்பாய்களும் பணியாட்களும் தெருவில் பிச்சை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை யாரும் 'பிழைத்தவர்' கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

பிரைடன் எப்படிப் பிழைத்தார் தெரியுமா? வழியில் காயம்பட்டுச் சாகக் கிடந்த ஓர் இந்திய வீரர், 'இனி இது எனக்கு வேண்டாம், நீங்கள் போங்கள்' என்கிற மாதிரி தன் மட்டக்குதிரையைக் கொடுத்திருக்கிறார். பிரைடன் பெயர் எல்லாருக்கும் தெரியும். குதிரையைக் கொடுத்தவர் பெயர்?

இப்போது நான் சொன்ன வாக்கியத்துக்கு வருகிறேன். சர்ச்சின் அர்ப்பணிப்பு வாசகம் ஏறக்குறைய இப்படிச் சொல்கிறது: 1835 முதல் 1843 வரை சிந்து, ஆப்கானிஸ்தான் படையெடுப்புகளில் நோயாலோ வாளாலோ, கடமை மறவாமல் விழுந்தவர்களின் நினைவாக இந்த ஆலயம். பீடப்பகுதிச் சுவர்களில் பெயர் எழுதப்பட்டிருக்கும் அதிகாரிகளுக்கும், அப்படி எழுத முடியாத அளவுக்கு எண்ணிக்கையில் மிகுந்த கீழ்நிலைப் படைத்தலைவர்களுக்கும் சாதாரணப் படைவீரர்களுக்கும்.

எழுத முடியாத அளவுக்கு அதிகமாம்!

இதைப் படித்ததும் நான் சிரித்துவிட்டேன். சத்தமாக. பக்கத்தில் நின்ற பெரியவர் முறைத்தார். ஏனென்றால் இது நம் ஊரில் கல்யாணப் பத்திரிகையில் 'மற்றும் உற்றார் உறவினர்' என்று போடுவது போல இருந்தது. பந்தல் போட்டவன், பாத்திரம் தேய்த்தவன், பந்தி பரிமாறியவன் எல்லாரும் அந்த 'மற்றும்'-க்குள் அடக்கம். இங்கே அடங்கியிருப்பது செத்துப்போனவர்கள்.

பஸ்ஸில் நண்பர்கள் எனக்குச் சொன்ன பதில்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

"இடம் பத்தாதுடா. ஆயிரக்கணக்கான பேரை எப்படிச் சுவத்துல எழுதுவான்?"

டெல்லி இந்தியா கேட் பார்த்திருக்கிறாயா? 1931-ல் திறந்தார்கள். அதே வெள்ளைக்கார அரசு. அதில் 13,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் செதுக்கியிருக்கிறார்கள், சிப்பாய்கள் பெயரும் சேர்த்துத்தான். பெல்ஜியத்தில் 1927-ல் திறந்த மெனின் வாயிலில் 54,000-க்கும் மேல். வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவுச்சுவரில் 58,000-க்கும் மேல். கல்லில் எப்போதும் இடம் இருக்கிறது. ஆப்கன் சர்ச்சின் சுவர்கள் எவ்வளவு நீளம், எவ்வளவு உயரம் என்று நீயே பார்த்தாய்.

"அதெல்லாம் இருபதாம் நூற்றாண்டு. 1840-கள்ல உலகத்துல எவனும் சாதாரணச் சிப்பாய் பேரை எழுதல. காலம் அப்படி."

இது நல்ல வாதம். ஒப்புக்கொள்கிறேன், கொஞ்சம் தடுமாறித்தான் போனேன். அந்தக் காலத்து ஐரோப்பியச் சர்ச்சுகளிலும் அதிகாரிகளுக்குத்தான் பளிங்குக் கல். ஆப்கன் சர்ச்சிலும் வெள்ளைக்காரச் சாதாரணச் சிப்பாய்க்குப் பெயர் இல்லை. அந்த 'எண்ணிக்கையில் மிகுந்த' கூட்டத்தில் லண்டன் சேரியிலிருந்தும் அயர்லாந்துக் கிராமத்திலிருந்தும் வயிற்றுப் பிழைப்புக்காகப் பட்டாளத்தில் சேர்ந்தவனும் இருக்கிறான். அதனால் இதை வெறும் நிறப் பிரச்சினை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் 'எவனும் எழுதவில்லை' என்பது தவறு. புனே பக்கத்தில் பீமா நதிக்கரையில் கோரேகான் தூண் இருக்கிறது. 1818 ஜனவரி 1 அன்று பேஷ்வா படையோடு நடந்த சண்டையின் நினைவாக 1820-களின் தொடக்கத்தில் கம்பெனி எழுப்பியது. அதில் செத்துப்போன 49 பேரின் பெயர் இருக்கிறது. அதில் 22 பேர் மகர்கள். ஊருக்குள் நிழல் விழுவதையே தீட்டு என்று சொன்ன சமூகத்தில், அந்த மனிதர்களின் பெயரைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அந்தப் பெயர்கள் அங்கே இருப்பதால்தான் 1927-ல் அம்பேத்கர் அங்கே போனார். இன்றுவரை ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் லட்சக்கணக்கான மக்கள் அங்கே கூடுகிறார்கள். ஒரு கல்லில் இருக்கிற 22 பெயர் என்ன செய்யும் என்று கேட்பவர்கள் ஒருமுறை அங்கே போய்ப் பார்க்கலாம்.

கோரேகானில் பெயர் எழுதப்பட்டவர்கள் யார்? பம்பாய்ப் படைச் சிப்பாய்கள். ஆப்கன் சர்ச் யாருடைய நினைவுச்சின்னம்? அதே பம்பாயுடையது. ஆக, சிப்பாயின் பெயரைக் கல்லில் எழுதலாம் என்பது இந்த அரசுக்கு 25 வருஷம் முன்பே தெரியும். 49 பேர் என்றால் எழுதுவோம், ஆயிரக்கணக்கில் செத்தால் எழுத மாட்டோம் என்றால், அதிகமாகச் சாவதுதான் சிப்பாய் செய்த குற்றமா? ஜெயித்த சண்டைக்குப் பெயர்ப்பட்டியல், தோற்ற சண்டைக்கு 'மற்றும் பலர்'. எனக்கு இப்படித்தான் படுகிறது.

"பேரு விவரமெல்லாம் அவங்ககிட்ட இருந்திருக்காதுடா."

சம்பளம் கொடுத்தார்களே, யாருக்குக் கொடுத்தார்கள்? பட்டாளத்தில் சேரும்போது பெயர், சம்பளப் பட்டியலில் பெயர். தண்டிக்கும்போது பெயருக்குப் பஞ்சமே இல்லை. 1857 அக்டோபர் 15 அன்று, இதே பம்பாயில், இன்றைய ஆசாத் மைதானம் இருக்கிற திறந்தவெளியில், கலகம் செய்யத் திட்டமிட்டார்கள் என்று சொல்லி இரண்டு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். டிரில் ஹவில்தார் சையத் ஹுசைன், சிப்பாய் மங்கள் காடியா. இவர்கள் பெயர் எப்படி நமக்குத் தெரியும்? வெள்ளைக்காரன் எழுதிவைத்ததால்தான். அது நடந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஆப்கன் சர்ச் பிரதிஷ்டை நடந்தது. அந்த வருஷம் யார் எதற்காகச் செத்தார்கள் என்று எண்ணிப்பார்க்கிற மனநிலையில் அவர்கள் இருந்திருக்க மாட்டார்கள், அது புரிகிறது. ஆனால் 'பெயர் தெரியாது' என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பணியாட்கள் விஷயம் இதைவிட மோசம். சிப்பாய்க்காவது 'சாதாரணப் படைவீரர்' என்ற சொல்லுக்குள் ஒண்டிக்கொள்ள இடம் இருக்கிறது. தண்ணீர் சுமந்தவனுக்கு அந்தச் சொல்லும் இல்லை. காபூலிலிருந்து கிளம்பியவர்களில் நாலில் மூன்று பங்கு அவர்கள்தான். வாசகத்தில் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அதே 1842 அக்டோபரில் பழிவாங்கக் கம்பெனிப் படை இடித்துத் தள்ளிய காபூல் பெரிய கடைவீதியின் ஆப்கானியர்களைப் பற்றி இங்கே எதிர்பார்ப்பது அதிகம்தான். ஆனாலும் 'ஆப்கன்' என்ற பெயரைத் தாங்கி நிற்கிற கட்டடத்தில், ஆப்கானியரும் செத்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

"அப்ப இடிச்சிடலாம்கிறியா?"

இதைச் சொன்னவன் வேறொருவன். முதல் ஆளுக்கு நேர் எதிர்க் கட்சி. "வெள்ளைக்காரன் அடிமைச் சின்னம், இதை ஏன் காசு செலவழிச்சுப் பாதுகாக்கணும்" என்பது அவன் நிலைப்பாடு. கைதட்டலும் வாங்கினான்.

தம்பி, இடித்தால் முதலில் லாபம் அந்த வாக்கியத்தை எழுதியவர்களுக்குத்தான். 'உங்கள் பெயரை எழுதவில்லை' என்று அவர்களே கல்லில் வெட்டி ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்? நான் போய்ப் படித்ததால்தானே இன்று சண்டை போடுகிறேன்? இன்னொன்று, இந்தக் கட்டடம் வெள்ளைக்காரன் கையால் எழும்பியதா என்ன? இந்த ஊர்க் கல்லை இந்த ஊர்க் கூலிக்காரர்தான் சுமந்திருப்பார். கோபுரத்துக்கு ஒரு பார்சி தனவந்தர், கவாஸ்ஜி ஜஹாங்கீர், பணம் கொடுத்திருக்கிறார். இன்று அங்கே ஞாயிற்றுக்கிழமை ஜெபம் செய்கிறவர்கள் இந்தியர்கள், வட இந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். அவர்கள் கோயிலை இடிக்கச் சொல்ல நீ யார், நான் யார்?

எனக்குக் கோபம் அந்தக் கண்ணாடி மேல் இல்லை, அங்கே ஜெபிப்பவர்கள் மேல் இல்லை. நம்மைப் போல் போய்வருகிறவர்கள் மேல்தான். நாங்கள் போனபோது ஒரு பாரம்பரிய நடைக் குழு வந்திருந்தது. இருபது பேர் இருப்பார்கள். வழிகாட்டி அரை மணி நேரம் பேசினார். கோதிக் வளைவு, நியூகாசில் கண்ணாடி, ஓடு, மணிக்கூண்டு, கோபுர உயரம் எல்லாம் சொன்னார், நன்றாகவே சொன்னார். போரைப் பற்றி ஒரே வாக்கியம். செத்தவர்களைப் பற்றி ஒன்றும் இல்லை. எல்லாரும் சாளரத்துக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒருவர்கூட அந்த வாசகத்தின் முன் நிற்கவில்லை.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இருக்கிறதா? அந்த நாற்பத்து மூன்று படங்களை ஹாஸ்டலில் வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கல்வெட்டுப் படம் ஒன்றுகூட இல்லை. படித்தேன், சிரித்தேன், கோபப்பட்டேன், ஆனால் கேமரா மட்டும் கண்ணாடிப் பக்கமே திரும்பியிருக்கிறது. அடுத்த வாரம் அதற்காகவே தனியாக மறுபடி போய் எடுத்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு மேகமூட்டம், கண்ணாடி மங்கலாக இருந்தது. அன்றுதான் சுவரில் இருக்கிற பெயர்களை நிதானமாகப் படித்தேன். எல்லாம் ஆங்கிலேய அதிகாரிகள் பெயர். என் கண்ணுக்கு ஓர் இந்தியப் பெயரும் படவில்லை. ஒன்று சொல்ல வேண்டும், அவர்களிலும் நிறையப் பேர் என் வயசில், எதற்கென்று தெரியாமல் போய்ச் செத்தவர்களாகத்தான் இருப்பார்கள். அவர்கள் பெயரை அழிக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

என்னதான் செய்யச் சொல்கிறேன்? பெரிதாக ஒன்றும் இல்லை.

ஒன்று, வாசலில் ஒரு பலகை. மராத்தி, இந்தி, ஆங்கிலம் மூன்றிலும். எந்தப் போர், யார் தொடங்கியது, எத்தனை சிப்பாய்கள், எத்தனை பணியாட்கள், எத்தனை பேர் திரும்பவில்லை. உள்ளே இருக்கிற எதையும் தொட வேண்டாம். பழைய வாசகம் அப்படியே இருக்கட்டும், பக்கத்தில் பதில் இருக்கட்டும்.

இரண்டு, பெயர் தேடுவது. மகாராஷ்டிர மாநில ஆவணக் காப்பகம் இதே மும்பையில்தான் இருக்கிறது. கம்பெனி ஆவணங்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. எல்லாப் பெயரும் கிடைக்கும் என்று நான் கனவு காணவில்லை. பத்துப் பெயர் கிடைத்தாலும் அது சைபரைவிடப் பத்து அதிகம். எம்.ஏ. வரலாறு படிக்கிற நண்பர்களே, ஆய்வுக்குத் தலைப்பு இல்லை என்று கேன்டீனில் புலம்புகிறீர்களே, இதோ இருக்கிறது தலைப்பு. டீ செலவு என்னுடையது. :-)

மூன்று, நாம் செய்யக்கூடியது. ஆப்கன் சர்ச் போங்கள், கட்டாயம் போங்கள். சாயங்கால வெயில் மேற்குச் சாளரத்தில் விழும்போது போனால் இன்னும் நல்லது. கண்ணாடியை ஆசை தீரப் பாருங்கள். பார்த்த பிறகு, கிளம்புவதற்கு முன், ஒரு இரண்டு நிமிஷம் அந்த வாசகத்தின் முன் நின்று படியுங்கள். கூட வந்தவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். யாராவது "எவ்வளவு அழகா எழுதியிருக்கான்ல" என்று சொன்னால், குதிரையைக் கொடுத்தவர் பெயர் என்ன என்று கேளுங்கள்.

என் கட்டடக்கலை நண்பனிடம் நேற்று மறுபடி கேட்டேன். "தெரியலடா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அடுத்த தடவை நானும் வர்றேன், அந்தப் பக்கத்தைச் சரியாப் பாக்கல" என்றான்.

இப்போதைக்கு எனக்கு இது போதும்.